சிசேரியனும் குறைமாதப் பிரசவமும்: பால் கொடுக்கவும் பக்கத்தில் இருக்கவும் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்த வருடங்களில் என் காதில் அதிகம் விழுந்த கேள்வி இதுதான்: "சிஸ்டர், நாங்க இப்ப என்ன பண்ணணும்?" கதவுக்கு வெளியே நிற்கும் அப்பா கேட்பார், சக்கர நாற்காலியில் வரும் அம்மா கேட்பார். "காத்திருங்க" என்று யாராவது பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பதில் எனக்கு எப்போதும் வருத்தம் தரும். பெற்றோருக்கு அந்த நேரத்தில் நிறைய வேலை இருக்கிறது. அதில் சிலவற்றை டாக்டராலோ எங்களாலோ செய்யவே முடியாது. அந்த வேலைகளை நாள் வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. 32 முதல் 37 வாரத்துக்குள் பிறப்பவர்களே அதிகம். 28 வாரத்துக்கு முன் பிறப்பவர்களுக்குத்தான் நீண்ட சிகிச்சை தேவைப்படும். 2020-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள், ஏறக்குறைய பத்தில் ஒன்று. தாயின் ரத்த அழுத்தம் ஏறுவது, குழந்தை வளராமல் நிற்பது, ரத்தப்போக்கு போன்ற காரணங்களால் இவர்களில் பலர் சிசேரியன் மூலமே பிறக்கிறார்கள். அதனால் தையலோடு அம்மா ஒரு வார்டில், டியூப்களோடு குழந்தை இன்னொரு வார்டில் என்ற நிலை மிகச் சாதாரணம்.

1. ஆபரேஷனுக்கு முன்: நாலு கேள்வி

நேரம் கிடைத்தால் இவற்றைக் கேட்டுவிடுங்கள். பிறந்தவுடன் குழந்தையை என் நெஞ்சில் போட முடியுமா? என்னால் முடியாவிட்டால் அப்பாவின் நெஞ்சில் போடலாமா? குழந்தையைத் தனிப் பிரிவுக்குக் கொண்டுபோனால் கூட யார் போகலாம்? தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் கொஞ்சம் பொறுக்க முடியுமா? குழந்தை தெம்பாக இருந்தால் 30 முதல் 60 விநாடி பொறுத்து வெட்டுவது குறைமாதக் குழந்தைக்கு நல்லது. நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேரும்.

சீக்கிரமே பிரசவம் ஆகிவிடும் என்று அட்மிட் செய்திருந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அந்த ஓரிரு நாளில், முடிந்தால் பச்சிளங்குழந்தைப் பிரிவின் டாக்டரைச் சந்தித்துப் பேசுங்கள். முன்பே ஒரு முறை பார்த்த முகம் அங்கே இருந்தால் மனசுக்குப் பெரிய தெம்பு.

2. முதல் ஆறு மணி நேரம்: பால் வரும்

"ஆபரேஷன் ஆச்சே, எங்கே பால் வரப்போகுது" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். தயவுசெய்து அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். நஞ்சுக்கொடி உடலைவிட்டு வெளியே வந்ததும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் சட்டென்று குறையும். நிறைய பால் சுரப்பதற்கு அதுதான் உத்தரவு. நஞ்சுக்கொடி எந்த வழியாக வந்தது என்று மார்புக்குத் தெரியாது. சிசேரியனில் மாறுவது வேகம் மட்டும்தான். வலி, ரத்த இழப்பு, குழந்தையைப் பிரிந்திருப்பது எல்லாம் சேர்ந்து, இரண்டு மூன்று நாளில் நிறைய வேண்டிய பால் நாலு, ஐந்து நாளுக்குத் தள்ளிப்போகலாம். அதுவரை சீம்பால் இருக்கிறது.

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்திருந்தால் தியேட்டரிலேயே பால் கொடுக்க ஆரம்பிக்கலாம். முழு மயக்கம் கொடுத்திருந்தால், நன்றாக விழித்து, குழந்தையைப் பிடிக்கும் அளவுக்குத் தெளிந்ததும் கொடுக்கலாம்.

குழந்தை உங்கள் பக்கத்திலேயே இருந்தால் கவலை எல்லாம் தையலைப் பற்றித்தான். மல்லாந்து படுத்திருக்கும்போது, குழந்தையின் கால்கள் உங்கள் தோள் பக்கம் வருகிற மாதிரி மார்பின் மேல் குறுக்கே போடச் சொல்லுங்கள். வயிற்றில் உதை படாது. கொஞ்சம் தேறியதும் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். உட்கார முடிந்ததும், குழந்தையின் உடலைக் கக்கத்துக்கு அடியில் இடுக்கி, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போக, கீழே தலையணை வைத்துப் பிடிப்பது பலருக்கு மிகச் சுகமான முறை. எப்படிப் பிடித்தாலும் குழந்தையின் மூக்குக்கு நேரே காம்பு இருக்கட்டும். வாயை அகலமாகத் திறக்கும்வரை பொறுங்கள். மோவாய் முதலில் மார்பில் படவேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். சப்பும்போது வலி நிற்காமல் தொடர்ந்தால், வாயோரத்தில் விரலை விட்டு மெதுவாக எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

குழந்தை வேறு பிரிவில் இருந்தால், முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே, இல்லாவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் கையால் பால் எடுக்க ஆரம்பியுங்கள். எடுக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை அவசரமாகக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மார்பை ஒரு நிமிடம் மெதுவாகத் தடவிவிடுங்கள். கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும், காம்பின் அடியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் விரல்களை நெஞ்சுக்கூட்டை நோக்கிப் பின்னால் அழுத்தி, அப்படியே இரண்டு விரலையும் ஒன்றையொன்று நோக்கி அமுக்கி, விடுங்கள். தோலின் மேல் விரல் வழுக்கிப் போகக் கூடாது. காம்பை இழுக்கவும் கூடாது. அழுத்தி, அமுக்கி, விட்டு. மறுபடி அதே தாளம்.

முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றுமே வராது. அப்புறம் காம்பின் நுனியில் தேன் நிறத்தில் ஒரு துளி உருண்டு நிற்கும், சொட்டாது, ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சின் வாயை அதன் பக்கத்தில் வைத்து நர்ஸ் உறிஞ்சி எடுப்பார். அரை மணி நேரம் பாடுபட்டுச் சிரிஞ்சில் பார்த்தால் 0.2 மில்லி இருக்கும். அம்மாக்கள் அழுவது இந்த இடத்தில்தான். ஆனால் டியூபில் இருக்கும் குழந்தையின் கன்னங்களுக்குள் சீம்பால் தடவிவிடுவதற்கு ஒரு கன்னத்துக்கு 0.1 மில்லிதான் தேவை. அதாவது உங்கள் 0.2 மில்லி ஒரு முழு வேளைக்கான அளவு. அதைக் கையில் வாங்கிக்கொண்டு போகும் எந்த நர்ஸும் அதைக் கொஞ்சம் என்று நினைப்பதில்லை.

3. முதல் இரண்டு வாரம்: எத்தனை முறை என்பதுதான் கணக்கு

என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியிலேயே மிக முக்கியமான பகுதி இது. 24 மணி நேரத்தில் 8 முதல் 10 முறை பால் எடுக்க வேண்டும். அதில் ஒன்றாவது நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவில் இருக்கட்டும், ஏனென்றால் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். மணி பார்த்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை என்று கட்டாயம் இல்லை. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துவிட்டு, இரவில் ஒரே மூச்சில் நாலு மணி நேரம் தூங்கலாம்.

முதல் இரண்டு நாள் கைதான் சிறந்தது, சீம்பால் கெட்டியாக இருப்பதால் பம்பில் ஒட்டியே போய்விடும். பால் நிறையத் தொடங்கியதும் பிரெஸ்ட் பம்ப்புக்கு மாறுங்கள். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் எடுக்கும் மின்சாரப் பம்ப் கிடைத்தால் நேரம் பாதியாகும், பாலும் கூடும். ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடம். உறிஞ்சும் வேகத்தை வலிக்கும்வரை கூட்டாதீர்கள். வலித்தால் பால் இறங்காது. மார்பில் பொருத்தும் புனலுக்குள் காம்பு தாராளமாக முன்னும் பின்னும் போய்வர வேண்டும். உரசினாலோ வெளுத்துப்போனாலோ அளவு சரியில்லை, வேறு அளவு கேளுங்கள். பம்ப் நின்றதும் இரண்டு நிமிடம் கையால் எடுத்துப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் வரும்.

"குழந்தை ஒரு வேளைக்கு 5 மில்லிதான் குடிக்கிறது, எதற்கு இவ்வளவு எடுக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. முதல் இரண்டு வாரத்தில் எவ்வளவு எடுக்கப்படுகிறதோ அதை வைத்துத்தான் இனி எவ்வளவு சுரப்பது என்று மார்பு முடிவு செய்கிறது. இரண்டு மாதம் கழித்துக் குழந்தை மூன்று கிலோவாகிப் பசியோடு அழும்போது தேவைப்படும் பாலுக்கு இப்போதே அடித்தளம் போடுகிறீர்கள். 14-வது நாள் வாக்கில் ஒரு நாளைக்கு 500 முதல் 750 மில்லி என்பது நல்ல இலக்கு. அதை எட்டாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். எடுக்கும் முறை, புனலின் அளவு, அதிக ரத்த இழப்பு, தைராய்டு, கருப்பையில் நஞ்சுக்கொடித் துண்டு தங்கியிருப்பது என்று சரிபார்க்க வேண்டிய காரணங்கள் உண்டு. ஒரு தாளில் மில்லியை எழுதாமல், எடுத்த நேரத்தை மட்டும் எழுதிவைக்கச் சொல்வேன். மில்லி எண் மனசைக் கலைக்கும். நேரத்தை எழுதினால் வேலை நடக்கும்.

முடிந்தால் குழந்தை இருக்கும் கண்ணாடிப் பெட்டி, அதாவது இன்குபேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து எடுங்கள். முடியாதபோது இரண்டு சின்னத் துணிகள் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று உங்கள் நெஞ்சில், ஒன்று குழந்தையின் பக்கத்தில், தினமும் மாற்றி மாற்றி. குழந்தையின் வாசம் பட்டதும் பால் இறங்குவதைப் பல அம்மாக்களிடம் நேரில் பார்த்திருக்கிறேன்.

எடுத்த பாலைப் புட்டியில் பெயர், தேதி, நேரம் எழுதி மூடுங்கள். ஒவ்வொரு முறை எடுப்பதையும் தனித்தனியாக வையுங்கள். அறை வெப்பத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஃபிரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம் என்பதில் குறைமாதக் குழந்தைக்கு விதி இன்னும் கடுமை, அந்தப் பிரிவு சொல்வதையே பின்பற்றுங்கள். உறைந்த பாலை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தோ வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தோ இளக்குங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. முழுதும் இளகிய பாலை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும்.

4. அம்மாவின் உடம்பு

குழந்தையை நினைத்துக்கொண்டு வலி மாத்திரையைத் தவிர்க்கும் அம்மாக்கள் நிறைய. வலியில் இருக்கும் உடம்பில் பால் இறங்காது, நடக்கவும் முடியாது. பாரசிட்டமாலும் ஐபுபுரோஃபனும் பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடியவை. கோடீன் கலந்தவை வேண்டாம். வேறு எதுவானாலும், பால் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுதியபடி நேரம் தவறாமல் எடுங்கள்.

எழும்போது நேராக எழாதீர்கள். முழங்காலை மடக்கி, ஒரு பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் சின்னத் தலையணையைத் தையல் மேல் அணைத்துக்கொள்ளுங்கள். நடக்க முடிந்த பிறகுதான் குழந்தையைப் பார்க்கப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். சக்கர நாற்காலி கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். பம்ப் பாகங்களைக் கழுவுவது, புட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பது, வருகிறவர்களைச் சமாளிப்பது, இதெல்லாம் மற்றவர்கள் செய்யட்டும்.

உடனே சொல்ல வேண்டியவை: 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், தையலில் சீழோ பரவும் சிவப்போ, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கடும் தலைவலி, பார்வை மங்குவது. பேறுகால ரத்த அழுத்தம் குழந்தை பிறந்த பிறகும் ஏறலாம் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

5. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்

முதல் முறை உள்ளே வரும்போது எல்லோரும் மானிட்டரைத்தான் பார்ப்பார்கள். முதலில் குழந்தையைப் பாருங்கள். நிறம் எப்படி இருக்கிறது, மூச்சு எப்படிப் போகிறது, முகம் அமைதியாக இருக்கிறதா? அலாரம் அடித்தால் பல நேரம் காலில் கட்டிய ஒயர் நழுவியிருக்கும். எது அவசரம் என்று எங்கள் காதுக்குத் தெரியும்.

தொடுவதற்குப் பயப்படாதீர்கள், ஆனால் தடவிக்கொடுக்காதீர்கள். மெல்லிய தோலில் விரல் ஓடுவது இந்தக் குழந்தைகளுக்குத் தொந்தரவு. கையைக் கழுவி, சூடாக்கிக்கொண்டு, ஒரு உள்ளங்கையைத் தலையில் குல்லா போலவும், இன்னொன்றை மடங்கிய கால்களின் மேலும் வைத்து, அசையாமல் இருங்கள். கருப்பைக்குள் இருந்ததைப் போன்ற எல்லை அதற்குக் கிடைக்கும். பெரிய கைகள் கொண்ட ஒரு அப்பா, நடுங்கிக்கொண்டே இப்படி வைத்தார். விரித்து உதறிக்கொண்டிருந்த குழந்தையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, அவர் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டன. அன்று முதல் டயப்பர் மாற்றுவது முழுக்க அவர் வேலை ஆனது.

விரல்களை விரிப்பது, விக்கல், கொட்டாவி, முதுகை வளைப்பது, நிறம் மாறுவது, முகத்தைத் திருப்புவது எல்லாம் "போதும்" என்று சொல்லும் சைகைகள். அப்போது பேச்சையும் தொடுதலையும் நிறுத்திக் கையை மட்டும் வைத்திருங்கள். வாய் துடைப்பது, வெப்பம் பார்ப்பது, டியூபில் பால் போகும்போது சிரிஞ்சைப் பிடிப்பது எல்லாம் நீங்கள் செய்யலாம். "இதை நான் செய்யட்டுமா?" என்று கேளுங்கள்.

6. நெஞ்சோடு நெஞ்சாக: கங்காரு முறை

1978-79 வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் எட்கர் ரேய் சனாப்ரியா, எக்டர் மார்டினெஸ் என்ற டாக்டர்கள் ஆரம்பித்த முறை இது. இன்று இன்குபேட்டர் நிறைய இருக்கும் இடத்திலும் இதுதான் சிகிச்சை. 2021-ல் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. 1 முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள குழந்தைகளை, நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்ததிலிருந்தே நெஞ்சில் வைத்திருந்தபோது, முதல் 28 நாளில் இறப்பு கால்பங்கு குறைந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்று பரிந்துரைத்தது.

குழந்தைக்கு டயப்பர், குல்லா, காலுறை மட்டும். மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி, கைகால்களைத் தவளை போல மடக்கி வையுங்கள். தலையை ஒரு பக்கம் திருப்பி, மோவாய் நெஞ்சில் இடிக்காமல் சற்றே நிமிர்ந்திருக்கட்டும், மூச்சு தடையில்லாமல் போகும். துணியால் இறுக்கமாகக் கட்டி, மேலே உங்கள் உடையைப் போர்த்துங்கள். குழந்தை தையலுக்கு மேலேதான் இருக்கும், சாய்ந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வயிற்றில் பாரம் விழாது. எடுப்பதும் வைப்பதும்தான் குழந்தைக்குச் சிரமம். அதனால் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். அப்பா, பாட்டி, யார் நெஞ்சானாலும் சூடு ஒன்றுதான். சுவாசக் கருவியில் இருக்கும் குழந்தைக்கும் பல இடங்களில் இதைச் செய்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

7. டியூபிலிருந்து மார்புக்கு

சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யும் திறமை கர்ப்பக் கணக்கில் 32 முதல் 34 வாரம் வாக்கில்தான் வரத் தொடங்கும். அதற்கு முன்பே பழக்கலாம். பாலை எடுத்துவிட்டுக் காலியான மார்பில், டியூபில் பால் போகும் நேரத்தில் குழந்தையை வையுங்கள். நக்கும், மோந்து பார்க்கும், தூங்கிவிடும். அதுவும் ஒரு வேளைதான்.

உண்மையிலேயே குடிக்கத் தொடங்கும்போது இரண்டு மூன்று முறை சப்பிவிட்டு நிற்கும். அந்த இடைவெளியில் உலுக்காதீர்கள், கன்னத்தைத் தட்டாதீர்கள், அது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கக் கையால் கழுத்தையும் தோளையும் தாங்குங்கள். மோவாய் தொங்கினால் ஆள்காட்டி விரலால் லேசாகத் தாங்கலாம். நிறம் மாறினாலோ புரையேறினாலோ நிறுத்தி நிமிர்த்துங்கள்.

தாய்ப்பாலில் சத்துப்பொடி கலந்தால் "என் பால் போதவில்லையா?" என்று கேட்பார்கள். கடைசி மூன்று மாதத்தில் கருப்பையில் சேர வேண்டிய கால்சியம், பாஸ்பரஸ், புரதம் இந்தக் குழந்தைக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது. அந்தக் கடனைத்தான் பொடி அடைக்கிறது. குடலைத் தாக்கும் கடுமையான அழற்சியிலிருந்து காப்பது உங்கள் பால்தான். போதாதபோது தாய்ப்பால் வங்கியின் பால் அடுத்த சிறந்த வழி. அதுவும் இல்லாமல் பவுடர் பால் கொடுக்க நேர்ந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம். கிடைக்கும் ஒவ்வொரு துளி தாய்ப்பாலும் அதோடு சேர்ந்தே வேலை செய்யும்.

8. மனசு

நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறேன் என்ற எண்ணம் ஏறக்குறைய எல்லா அம்மாவுக்கும் வரும். நீங்கள் எதுவும் செய்யவில்லை. அழுகையும் பயமும் முதல் வாரங்களில் இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமோ பசியோ இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வைக் கண்டறிய பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிப் பூர்த்தி செய்யலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றினால் அன்றே உதவி வேண்டும். அப்பாக்களுக்கும் இது வரும். அவர்கள் வெளியே காட்டாததால் யாரும் கேட்பதில்லை.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எடை எவ்வளவு ஏறியது?" என்று தினமும் கேட்காதீர்கள். சாப்பாடு கொண்டுவாருங்கள், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. வீட்டுக்கு

பெட்டி இல்லாமல் உடல் சூட்டைக் காப்பது, எல்லா வேளையும் வாயால் குடிப்பது, எடை கூடுவது, மூச்சு நிற்காமல் பல நாள் கடப்பது: இவை வந்ததும் அனுப்புவார்கள். அதற்கு முன் ஓரிரு இரவு குழந்தையோடு தனியறையில் தங்கிப் பழகக் கேளுங்கள். மருந்தைச் சரியான அளவுக்கு நீங்களே சிரிஞ்சில் எடுத்துக் காட்டுங்கள். கண் விழித்திரைப் பரிசோதனையும் காது பரிசோதனையும் முடிந்தனவா, அடுத்தது எப்போது என்று எழுதி வாங்குங்கள். எக்காரணம் கொண்டும் விழித்திரைத் தேதியைத் தவறவிடாதீர்கள், சில நாள் தாமதமே பார்வையைப் பாதிக்கலாம். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் கருப்பையில் எந்த வகை வெட்டு என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். மிகச் சீக்கிரம் நடக்கும் சிசேரியனில் வெட்டு வேறு மாதிரி இருக்கலாம். அடுத்த பிரசவத்தை அது தீர்மானிக்கும்.

வீட்டில் எட்டு முதல் பன்னிரண்டு வேளை பால். குறைமாதக் குழந்தை பசித்தாலும் தூங்கும், எழுப்பிக் கொடுங்கள். பம்பைச் சட்டென்று நிறுத்தாமல், குழந்தை நன்றாகக் குடித்து எடை கூடுவதைப் பார்த்து ஒவ்வொன்றாகக் குறையுங்கள். இரண்டு மூன்று நாளில் எடை பார்க்கப் போங்கள். தூங்க வைப்பது எப்போதும் மல்லாத்தி. குடிக்க மறுப்பது, உடல் சூடு (செல்சியஸில்) 36.5-க்குக் கீழே அல்லது 37.5-க்கு மேலே போவது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, நீலம் பாய்வது, வலிப்பு, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாவது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

தடுப்பூசிக்குப் பிறந்த தேதியையே கணக்கு வையுங்கள். வளர்ச்சிக்கு மட்டும் வேறு கணக்கு. 28 வாரத்தில் பிறந்த குழந்தை 12 வாரம் முந்தி வந்திருக்கிறது. அதற்கு ஆறு மாதம் ஆகும்போது, அந்த மூன்று மாதத்தைக் கழித்துவிட்டு, மூன்று மாதக் குழந்தையாகப் பாருங்கள். இரண்டு வயதுவரை இப்படித்தான். "ஆறு மாசமாச்சே, இன்னும் உட்காரலையா?" என்று யாராவது கேட்டால், "அவளுக்கு இப்பதான் மூணு மாசம்" என்று சொல்லிவிடுங்கள்.